மயிரிழையில் ஐம்பதில் ஒரு பங்கு

"நல்ல சாமான்" என்று நாம் எதைச் சொல்கிறோம்? கடைத்தெருவில் நின்று இந்தக் கேள்வியைக் கேட்டால் பெரும்பாலோர் விலைச் சீட்டைப் பார்த்துத்தான் பதில் சொல்வார்கள். விலை உயர்ந்தது நல்லது; விலை மலிந்தது மட்டம். இந்தச் சித்தாந்தத்தினால் வியாபாரிகளுக்கு லாபம் உண்டே தவிர, வாங்குகிறவர்களுக்கு எள்ளளவும் பிரயோசனம் இல்லை.

பத்தமடைப் பட்டுப் பாய் ஒன்றையும், சந்தையில் கிடைக்கும் முரட்டுக் கோரைப் பாய் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துப் பாருங்கள். பட்டுப் பாய் உயர்ந்த ரகம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அதன் ஓரம் ஒரே மாதத்தில் பிரிந்து போயிற்று என்றும், கோரைப் பாயோ பத்து வருஷம் படுத்துப் புரண்ட பிறகும் கட்டுக் குலையாமல் இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். இப்போது எது நல்ல பாய்? ரகம் வேறு, தரம் வேறு என்பது இங்கே விளங்கிவிடுகிறது. ரகம் தாழ்ந்திருப்பது குற்றமன்று. அது அவரவர் பணப்பையைப் பொறுத்த சமாசாரம். தரம் தாழ்ந்திருப்பதோ எந்த ரகத்திலும் குற்றந்தான்.

தரம் என்றால் என்ன என்பதற்கு அமெரிக்க நிபுணர்கள் இரண்டு விதமாக இலக்கணம் சொல்லியிருக்கிறார்கள். உபயோகத்துக்குத் தகுதியாயிருப்பது தரம் என்பது ஜோசப் ஜூரானின் கட்சி. கேட்டுக்கொண்டபடி அமைந்திருப்பது தரம் என்பது பிலிப் கிராஸ்பியின் கட்சி. இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு பெரிய பள்ளம் இருக்கிறது என்பதைப் பின்னால் பார்க்கப் போகிறோம். அந்தப் பள்ளத்தில் 150 கோடி டாலர் பெறுமான ஒரு யந்திரம் விழுந்து எழுந்தது.

தரத்தைப் பற்றிச் சாஸ்திரம் என்று சொல்லத்தக்க ஒன்று பிறந்து நூறு வருஷத்துக்குச் சற்று மேல் ஆகிறது. அதற்குப் பிறந்த தேதிகூட உண்டு: 1924-ம் வருஷம் மே மாதம் 16-ந் தேதி. அன்று வால்டர் ஷூஹார்ட் என்ற பௌதிக சாஸ்திரி, வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் என்னும் கம்பெனியில் தம் மேலதிகாரிக்கு ஒரே ஒரு பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதி அனுப்பினார். அந்த ஒரு பக்கத்திலும் கணிசமான பாகத்தை ஒரு படம் அடைத்துக்கொண்டிருந்தது. டெலிபோன் சாதனங்கள் செய்யும் கம்பெனி அது. பூமிக்கு அடியில் புதைத்த சாமான் கெட்டுப் போனால் தோண்டியெடுத்து ரிப்பேர் செய்வது எவ்வளவு தொல்லை என்பதை அவர்கள் அனுபவித்து அறிந்திருந்தார்கள்.

ஷூஹார்ட்டின் படத்தில் அப்படி என்ன இருந்தது? நம் வீட்டுப் பாட்டி அப்பளம் இடுவதைக் கவனித்திருப்பீர்கள். எவ்வளவு கை தேர்ந்த பாட்டியானாலும் நூறு அப்பளமும் ஒரே அளவாக இருப்பதில்லை. ஒன்று நூலளவு பெரிதாகவும் ஒன்று நூலளவு சிறிதாகவும் இருக்கும். இந்தச் சிறு வித்தியாசங்களுக்குத் தனித்தனியாகக் காரணம் தேடுவது வீண் வேலை. மாவின் ஈரம், கையின் அழுத்தம், உருண்டையின் அளவு என்று ஆயிரம் சில்லறைக் காரணங்கள் சேர்ந்து அந்த வித்தியாசத்தை உண்டாக்குகின்றன. ஆனால் திடீரென்று ஓர் அப்பளம் உள்ளங்கை அகலத்துக்குச் சுருங்கி வந்தால் அது வேறு விஷயம். குழவி உடைந்திருக்கலாம், அல்லது பாட்டி எழுந்து போய்ப் பேத்தி உட்கார்ந்திருக்கலாம். அங்கே காரணத்தைத் தேடவேண்டும், தேடினால் கிடைக்கும்.

இந்த இரண்டு வகைக் காரணங்களையும் பிரித்துக் காட்டுவதுதான் ஷூஹார்ட்டின் படம். நடுவில் சராசரியைக் காட்டும் ஒரு கோடு. மேலும் கீழும் இரண்டு எல்லைக் கோடுகள். எல்லைகளைக் குத்துமதிப்பாகப் போடுவதில்லை. அளவுகள் வழக்கமாக எவ்வளவு சிதறுகின்றன என்பதைப் புள்ளி விவரக் கணக்கினால் கண்டுபிடித்து, அதைப்போல் மும்மடங்கு தூரத்தில் கோடு கிழிக்கிறார்கள். பெரும்பாலான வேலைகளில் ஆயிரம் புள்ளிகளுக்கு மூன்று புள்ளிகூடத் தற்செயலாக அந்த எல்லையைத் தாண்டுவதில்லை. ஆகையால் ஒரு புள்ளி தாண்டினால், "என்னமோ நடந்திருக்கிறது, போய்ப் பார்!" என்று அர்த்தம். தாண்டாவிட்டால், "கையை வைத்துக்கொண்டு சும்மா இரு!" என்று அர்த்தம்.

இந்த இரண்டாவது உபதேசந்தான் மனிதர்களுக்கு மிகவும் கசப்பது. இன்றைக்குச் சாம்பாரில் உப்பு ஒரு கல் குறைந்தது என்று வீட்டு எஜமானர் முகத்தைச் சுளிக்கிறார். நாளைக்கு ஒரு கல் அதிகமாகப் போடுகிறார்கள். நாளை மறுநாள் அதிகம் என்று புகார். உடனே ஒரு கல் குறைவு. இப்படி ஒவ்வொரு நாளும் திருத்தித் திருத்தி, சும்மா விட்டிருந்தால் எவ்வளவு வித்தியாசம் இருந்திருக்குமோ அதைவிட அதிக வித்தியாசத்தை உண்டாக்கி விடுகிறார்கள். தொழிற்சாலைகளிலும் இதே கதைதான். யந்திரத்தை ஓயாமல் திருகிக்கொண்டிருக்கும் சிரத்தையுள்ள ஆசாமியால் விளைகிற சேதம், தூங்குமூஞ்சியால் விளைவதைக் காட்டிலும் சில சமயம் அதிகமாயிருக்கும்.

இந்த ஷூஹார்ட் நம் தேசத்துக்கும் வந்திருக்கிறார் என்பது பலருக்குத் தெரியாது. பாரதம் சுதந்திரமடைந்த அதே சமயத்தில், 1947-48-ல், பேராசிரியர் பிரசாந்த சந்திர மஹலனோபிஸ் அழைப்பின் பேரில் அவர் இங்கே வந்து, தேசத்தின் பல பாகங்களிலும் சுற்றித் தொழிலதிபர்களுக்குத் தம் முறையை எடுத்துச் சொன்னார். மஹலனோபிஸ் 1931-ல் கல்கத்தாவில் நிறுவிய இந்தியப் புள்ளியியல் கழகத்துக்கு ஐ. எஸ். ஐ. என்று பெயர். 1947-ல் தொடங்கிய இந்தியத் தர நிர்ணய ஸ்தாபனத்துக்கும் ஐ. எஸ். ஐ. என்றே பெயர். இஸ்திரிப் பெட்டியிலும் காஸ் அடுப்பிலும் நாம் தேடிப் பார்க்கிற முத்திரை பின்னதைச் சேர்ந்தது. அந்த ஸ்தாபனம் 1987-ல் பெயரை மாற்றிக்கொண்டு விட்டது. முத்திரை மட்டும் பழைய எழுத்துக்களோடு நிற்கிறது. மூன்றே எழுத்துக்கு இரண்டு சொந்தக்காரர்கள் இருந்தும் வழக்கு வியாஜ்யம் ஒன்றும் ஏற்படாதது நம் நாட்டில் ஓர் அதிசயந்தான்.

ஷூஹார்ட்டைக் குருவாகக் கொண்டவர் எட்வர்ட்ஸ் டெமிங். அவர் 1950-ம் வருஷக் கோடையில் ஜப்பானில் பிரசங்கங்கள் செய்தார். அந்நாளில் ஜப்பான் சாமான் என்றாலே இரண்டு நாளில் உடைகிற பொம்மை என்றுதான் உலகத்தார் எண்ணிக்கொண்டிருந்தார்கள். யுத்தத்தில் தோற்று, நகரங்கள் சாம்பலாகி, பிறருக்கு விற்றுத்தான் பிழைக்கவேண்டும் என்ற நிலையில் இருந்தவர்கள் டெமிங் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டார்கள். 1951-ல் அவர் பெயரால் ஒரு பரிசும் ஏற்படுத்தினார்கள். பிற்காலத்தில் அந்தப் பரிசு கடல் கடந்தும் வழங்கப்பட்டது. இந்தியாவில் முதல் முதலாக அதைப் பெற்றது எந்தத் தொழிற்சாலை தெரியுமா? சென்னையை அடுத்த பாடியில் லாரிகளுக்குப் பிரேக் செய்துவந்த சுந்தரம் கிளேட்டன் தொழிற்பிரிவு. வருஷம் 1998. ஷூஹார்ட் இங்கே வந்து சொல்லிவிட்டுப் போனதற்கும், அது ஜப்பானைச் சுற்றிக்கொண்டு பாடிக்கு வந்து சேர்ந்ததற்கும் நடுவில் ஐம்பது வருஷம்! நமக்குக் கிழக்கே உள்ளவர்கள் அதே பிரசங்கத்தைக் கேட்டு உடனே வேலையைத் தொடங்கினார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும்.

"அதெல்லாம் சரி, ஐயா! தினம் ஆயிரக்கணக்கில் ஒரே சாமானைச் செய்கிறவனுக்குப் படமும் கோடும் உதவும். வாழ்நாளில் ஒரே தடவை செய்கிற காரியத்துக்கு என்ன வழி?" என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. வீடு கட்டுவது அப்படிப்பட்ட காரியம். பாலம், அணைக்கட்டு, பெண்ணின் கல்யாணம் எல்லாம் அந்த ஜாதிதான். முகூர்த்த நேரத்துக்கு எல்லைக் கோடு கிழித்துக் காத்திருக்க முடியாது.

ஒரே தடவை செய்கிற காரியத்தில் தரத்தைக் காப்பாற்றுவதற்கு மூன்று வேலைகள் உண்டு. என்ன வேண்டும், எப்படிச் சோதிப்பது என்று முன்கூட்டியே எழுதி வைப்பது ஒன்று. வேலை செய்கிற முறை ஒழுங்காயிருக்கிறதா என்று பார்ப்பது இரண்டு. செய்து முடித்த பொருளை அளந்து பார்ப்பது மூன்று. நம்மில் பலர் மூன்றாவது ஒன்றைத்தான் தரப் பரிசோதனை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதுவோ மூன்றிலும் காலம் தாழ்ந்த வேலை.

வீட்டுக்குக் கூரை போடுகிற தினத்தை நினைத்துப் பாருங்கள். கான்க்ரீட்டை ஊற்றும்போதே கொஞ்சம் எடுத்துப் பதினைந்து சென்டிமீட்டர் கனசதுர அச்சுகளில் வார்த்து வைக்கிறார்கள். 28-ம் நாள் அவற்றை யந்திரத்தில் வைத்து நசுக்கி, எவ்வளவு பாரம் தாங்குகிறது என்று பார்க்கிறார்கள். மிகவும் நல்ல சோதனை. ஆனால் 28-ம் நாள், "பலம் போதாது" என்று தெரிந்தால் என்ன செய்வது? கூரை தலைக்கு மேல் நிற்கிறது. இடிப்பதா, முட்டுக் கொடுப்பதா, விதியை நொந்துகொண்டு குடியேறுவதா? ஊற்றுகிற அன்றைக்கே, சுலபமாக ஓடவேண்டும் என்பதற்காக மேஸ்திரி இரண்டு வாளித் தண்ணீர் அதிகமாகக் கொட்டியதைப் பார்த்துத் தடுத்திருந்தால் அந்தச் சங்கடம் நேர்ந்திராது. தண்ணீர் மிஞ்சினால் கான்க்ரீட்டின் பலம் குறைந்துவிடும் என்பது மேஸ்திரிக்கும் தெரியாததன்று. வெயில் ஏறுகிறது, ஆட்கள் நிற்கிறார்கள், அவ்வளவுதான்.

இன்னொன்று. கான்க்ரீட்டுக்குள் கம்பி மறைந்து போய்விடுகிறது. மறைந்த பிறகு எத்தனை கம்பி இருக்கிறது, எவ்வளவு இடைவெளி என்று எந்த எஞ்சினீயரும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே நல்ல திட்டத்தில், "இந்த இடத்தில் வேலையை நிறுத்து, இன்னார் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மேலே போகலாம்" என்று எழுதியிருப்பார்கள். மறையப் போகிற ஒவ்வொன்றுக்கும் இப்படி ஒரு நிறுத்தம் வேண்டும்: அஸ்திவாரத்துக்கு மண் மூடுமுன், சுவருக்குள் குழாயைப் பூசுமுன், கூரைக்குக் கான்க்ரீட் ஊற்றுமுன். வாழ்நாள் சேமிப்பை வீட்டில் போடுகிறவர்கள் தளவரிசைக் கல்லின் நிறத்தைப் பற்றிச் செய்கிற சர்ச்சையில் பாதியை இந்த நிறுத்தங்களைப் பற்றிச் செய்தால் போதும். செங்கல்லைக்கூட வீட்டிலேயே சோதிக்கலாம். உலர்ந்த கல்லை நிறுத்து, ஒரு நாள் முழுதும் தண்ணீரில் ஊறப்போட்டு, மறுபடி நிறுங்கள். சாதாரணக் கட்டடச் செங்கல் தன் எடையில் நூற்றுக்கு 20 பங்குக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாது என்பது இந்தியத் தர விதி. இதற்குத் தராசும் வாளியுந்தான் வேண்டும்.

இந்த மூன்று வேலைகளில் முதல் இரண்டும் தளர்ந்து போய், மூன்றாவதும் ஏமாற்றி விட்டால் என்ன நேரும் என்பதற்கு உலகப் பிரசித்தி பெற்ற உதாரணம் ஒன்று இருக்கிறது. அதுதான் ஹப்பிள் என்னும் விண்வெளித் தூரதிருஷ்டிக் கண்ணாடியின் கதை.

பூமியைச் சூழ்ந்துள்ள காற்று நட்சத்திர ஒளியைக் கலக்கிவிடுகிறது. ஆகையால் காற்று மண்டலத்துக்கு மேலே ஒரு தூரதிருஷ்டிக் கண்ணாடியைக் கொண்டு போய் நிறுத்தினால் என்ன என்று அமெரிக்கர்கள் யோசித்தார்கள். அதற்கு 2.4 மீட்டர் குறுக்களவுள்ள குழிவான கண்ணாடி ஒன்று தேவைப்பட்டது. அதை மெருகிடும் வேலையைக் கனெக்டிகட் ராஜ்யத்தில் டான்பரி என்ற ஊரிலிருந்த பெர்க்கின்-எல்மர் கம்பெனி ஏற்றுக்கொண்டது. 1981-ல் வேலை முடிந்தது. அவ்வளவு வழவழப்பான பெரிய கண்ணாடியை அதுவரையில் யாரும் செய்ததில்லை என்று எல்லாரும் கொண்டாடினார்கள். அது உண்மையுங்கூட.

பிறகு பலவிதத் தாமதங்கள். 1986 ஜனவரியில் சாலஞ்சர் விண்கலம் வெடித்து ஏழு பேர் மாண்ட துயர சம்பவத்துக்குப் பின், விண்ணில் ஏறும் காரியங்கள் எல்லாம் நின்றன. ஹப்பிள் பூமியிலேயே தூசு தும்பு அணுகாத அறையில் வருஷக் கணக்காகக் காத்திருந்தது. கடைசியில் 1990 ஏப்ரல் 24-ந் தேதி அது மேலே சென்றது. அதற்குள் அதன் மீது ஏறியிருந்த செலவுதான் முன்னே சொன்ன 150 கோடி டாலர்.

ஜூன் மாதத்தில் உண்மை வெளிப்பட்டது. நட்சத்திரங்கள் புள்ளியாகத் தெரிவதற்குப் பதில் புகை மூட்டம் சூழ்ந்த விளக்கைப் போல் தெரிந்தன. ஒரு நட்சத்திரத்தின் ஒளியில் நூற்றுக்கு 70 பங்கு நடுப்புள்ளியில் வந்து குவிய வேண்டும் என்பது திட்டம். குவிந்ததோ சுமார் 15 பங்குதான். எப்படித் திருகிப் பார்த்தாலும் சரிப்படவில்லை. கண்ணாடியின் ஓரம் இருக்க வேண்டியதைவிட ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு பங்குக்குச் சற்று அதிகமாகத் தட்டையாயிருந்தது. அதாவது தலைமயிரின் கனத்தில் ஐம்பதில் ஒரு பங்கு!

ஒரு மயிரிழைக்காக இவ்வளவு அமர்க்களமா என்று கேட்கக் கூடாது. நட்சத்திர ஒளியின் அலை நீளமோ அதைவிடவும் சிறியது. பிழை என்பது தன்னளவில் பெரிதுமல்ல, சிறிதுமல்ல. எந்தக் காரியத்துக்கு என்பதைக் கொண்டே அதை மதிப்பிட வேண்டும்.

லூ ஆலன் என்பவர் தலைமையில் விசாரணைக் கமிட்டி நியமித்தார்கள். கமிட்டியார் கம்பெனிக்குப் போய்ப் பார்த்தபோது ஓர் அதிருஷ்டம் காத்திருந்தது. கண்ணாடியின் வளைவை அளந்த கருவி, உபயோகித்த நாளில் இருந்தபடியே கலைக்கப்படாமல் இருந்தது. பொற்கொல்லனுக்கு உரைகல் எப்படியோ அப்படி, மெருகிடுகிறவர்களுக்கு அந்தக் கருவி. இரண்டு சிறு கண்ணாடிகளும் ஒரு லென்ஸும் குறித்த தூரத்தில் வைத்து அமைத்தது. கமிட்டியார் அளந்தார்கள். லென்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை, 1.3 மில்லிமீட்டர் விலகி இருந்தது.

எப்படி விலகிற்று? தூரத்தை நிர்ணயிக்க ஓர் உலோகக் கோலை வைத்து, அதன் முனையில் லேஸர் ஒளியைப் பாய்ச்சி அளந்திருக்கிறார்கள். கோலின் முனையில் ஒரு தொப்பி. தொப்பியில் சிறு துவாரம். துவாரத்தின் வழியாக ஒளி போய்க் கோலின் முனையில் பட்டுத் திரும்ப வேண்டும். தொப்பியின் மேல் ஒளியைத் திருப்பாத பூச்சு பூசியிருந்தது. அந்தப் பூச்சு ஓரிடத்தில் உதிர்ந்து போயிருந்தது. ஒளி அங்கே பட்டுத் திரும்பிவிட்டது. கோலை அளந்ததாக எண்ணிக்கொண்டு தொப்பியை அளந்துவிட்டார்கள்! அளந்த கணக்குப்படி லென்ஸை நகர்த்தப் பார்த்தால், கருவியில் அவ்வளவு தூரம் நகர இடமில்லை. அப்போதாவது, "இது என்ன விபரீதம்?" என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சின்ன வாஷர்களைச் செருகி லென்ஸைக் கீழே இறக்கிவிட்டார்கள். அதை முறைப்படி எழுதி மேலே தெரிவிக்கவும் இல்லை.

இதைவிட விசேஷம் இனிமேல்தான். பிழையைக் காட்டிக் கொடுக்க வேறு சாட்சிகள் இல்லாமல் போகவில்லை. சாதாரண லென்ஸ்களால் அமைந்த வேறு இரண்டு கருவிகளும் சோதனையில் உபயோகிக்கப்பட்டன. இரண்டும் ஏதோ தவறு இருப்பதாகக் காட்டின. "அந்தக் கருவிகள் அவ்வளவு நுட்பமானவையல்ல, நம் பெரிய கருவியே பிரமாணம்" என்று சொல்லி அந்தச் சாட்சியத்தைத் தள்ளிவிட்டார்கள். அந்தப் பிரிவு கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்தது. பொருந்தாத அளவுகளை வெளியார் யாரும் பரிசீலிக்காமலே ஒதுக்கிவிட முடிந்தது என்று கமிட்டியார் 1990 நவம்பரில் எழுதினார்கள். வேலை கெடுவைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. பணமும் மிஞ்சிப் போய்க்கொண்டிருந்தது. மேற்பார்வை பார்க்க வேண்டிய நாஸா ஸ்தாபனத்தாரும் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. முழு தூரதிருஷ்டிக் கண்ணாடியையும் ஒன்று சேர்த்து ஒரு தடவை பூமியிலேயே சோதித்துப் பார்ப்பதற்குச் செலவு அதிகம் என்று அதையும் விட்டுவிட்டார்கள். இத்தனைக்கும் சாலஞ்சர் விபத்துக்குப் பிறகு நான்கு வருஷம் அது சும்மா கிடந்தது.

ஜூரானுக்கும் கிராஸ்பிக்கும் நடுவில் உள்ள பள்ளம் இப்போது புலப்படுகிறதல்லவா? கண்ணாடி, கருவி கேட்டுக்கொண்டபடி துளிக்கூடப் பிசகாமல் அமைந்தது. நட்சத்திரம் பார்க்க உபயோகப்படவில்லை. கிராஸ்பியின் பேரில் குற்றம் சொல்லக் கூடாது. கேட்டுக்கொள்கிறவன் யார் என்பதில்தான் குழப்பம். உரைகல்லை உரைத்துப் பார்க்க இன்னொரு கல் வேண்டும். அந்த இன்னொரு கல்லை வைத்துக்கொண்டே அதன் பேச்சைக் கேட்காமல் இருந்தார்களே, அதுதான் ஆச்சரியம்.

ஒரு விபத்து நடந்துவிட்டால் காரணத்தைத் தேடுவதற்கு ஜப்பானியர் இரண்டு உபாயங்கள் வைத்திருக்கிறார்கள். ஒன்று, கௌரு இஷிகாவா என்பவர் வகுத்த மீன் முள் படம். மீனின் தலை இருக்குமிடத்தில் நேர்ந்த கேட்டை எழுதவேண்டும். முதுகெலும்பிலிருந்து பிரியும் முட்களில் மனிதர், யந்திரம், முறை, மூலப்பொருள், அளவு, சூழ்நிலை என்று எழுதி, ஒவ்வொரு முள்ளிலும் காரணங்களைச் சிறு முட்களாகச் சேர்க்கவேண்டும். ஹப்பிளின் மீனில் எல்லா முட்களிலும் ஏதாவது ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும்: உதிர்ந்த பூச்சு, செருகிய வாஷர், எழுதாத குறிப்பு, சாத்திய கதவு, நெருக்கிய கெடு. ஒரே ஆசாமியின் தலையில் பழியைப் போட்டுவிட்டுக் கோப்பை மூட முடியாமல் செய்வதே இந்தப் படத்தின் உபயோகம்.

இரண்டாவது, டொயோட்டா கம்பெனியில் பிரசித்தமான "ஏன்?" என்ற கேள்வி. ஒரு தடவை கேட்டால் போதாது. ஐந்து தடவை கேட்கவேண்டும். நட்சத்திரம் ஏன் மங்கிற்று? ஓரம் தட்டை. ஏன் தட்டை? கருவி பிழை. ஏன் பிழை? தொப்பியில் ஒளி பட்டது. அது ஏன் தெரியவில்லை? வேறு கருவிகள் சொன்னதைத் தள்ளிவிட்டார்கள். ஏன் தள்ளினார்கள்? கேள்வி கேட்க வெளியிலிருந்து ஒருவரும் இல்லை. மூன்றாவது "ஏன்" னோடு நின்றிருந்தால், புதுப் பூச்சு பூசிவிட்டு வேலை முடிந்தது என்று வீட்டுக்குப் போயிருப்பார்கள். நான்கு வயதுக் குழந்தைகள் இந்தச் சாஸ்திரத்தில் இயற்கையாகவே தேர்ந்தவர்கள். பெரியவர்கள்தான் இரண்டாவது "ஏன்" னுக்கே கோபித்துக்கொள்கிறார்கள்.

இன்னும் பல உபகரணங்கள் உண்டு. குறைகளை வகை பிரித்து எண்ணி, எது அதிகமோ அதை முதலில் நிறுத்தி வரிசைப்படுத்தும் படத்துக்குப் பரேட்டோ என்ற இத்தாலியரின் பெயரை ஜூரான் சூட்டினார். இரண்டொரு காரணங்களே பெரும்பாலான தொல்லைக்கு மூலம் என்பது அதன் தாத்பரியம். கோடு போட்ட காகிதத்தில் குறையொன்றுக்கு ஒரு குச்சி போட்டு எண்ணுகிற சீட்டு அதற்கும் எளியது. அடுக்களைக் கதவில் ஒட்டி வைக்கலாம். 1987 முதல் ஐ. எஸ். ஓ. 9000 என்று சர்வதேச விதிகளும் வந்து, பல காரியாலயங்களின் முன்கூடத்தில் சட்டம் போட்டு மாட்டிய அத்தாட்சிப் பத்திரங்களாகக் காட்சியளிக்கின்றன. அந்தப் பத்திரம், வேலை ஒரு முறைப்படி நடக்கிறது என்றுதான் சொல்லுகிறது. முறை நல்ல முறையா என்பதை மாட்டியவர்தான் சொல்லவேண்டும்.

செலவு விஷயத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். தரத்துக்குச் செலவாகும் பணத்தை நான்கு பையில் பிரித்துப் போடலாம் என்கிறார்கள். தவறு நேராமல் தடுக்கும் செலவு. சோதித்துப் பார்க்கும் செலவு. வாசற்படி தாண்டுமுன் கண்ட தவறைத் திருத்தும் செலவு. தாண்டிய பிறகு கண்ட தவறைத் திருத்தும் செலவு. முதல் பையைச் சுருக்கினால் நான்காவது பை வீங்கும். ஹப்பிள் விஷயத்தில் வாசற்படி என்பது பூமிக்கு மேல் சுமார் 600 கிலோமீட்டர் தூரத்தில் இருந்தது.

அங்கே போய்த்தான் திருத்தினார்கள். கண்ணாடியை மாற்ற முடியாது. ஆனால் அது கன்னாபின்னா என்று கோணவில்லை. தப்பான கருவி காட்டிய வழியில் மிக மிக ஒழுங்காகத் தப்பியிருந்தது. கருவி கலையாமல் கிடைத்தபடியால் எவ்வளவு பிழை என்பதும் துல்லியமாகத் தெரிந்தது. ஆகவே கண் மங்கியவருக்கு மூக்குக் கண்ணாடி செய்வதுபோல், எதிர்ப் பிழையுள்ள சின்னஞ்சிறு கண்ணாடிகளைச் செய்து நடுவில் நிறுத்தலாம் என்று முடிவாயிற்று. அவற்றை எப்படி உள்ளே நுழைத்து நிறுத்துவது? ஜெர்மனியில் ஒரு ஹோட்டலில் குளித்துக்கொண்டிருந்த எஞ்சினீயர் ஒருவர், தண்ணீர் தெளிக்கும் குழாய்த் தலை தண்டில் ஏறி இறங்கி மடங்குவதைப் பார்த்தார். அதே மாதிரி நீண்டு மடங்கும் கைகளில் கண்ணாடிகளைப் பொருத்தலாம் என்று அவருக்குத் தோன்றிற்று. 1993 டிசம்பரில் எண்டெவர் விண்கலத்தில் ஏழு பேர் சென்றார்கள். ஐந்து தடவை வெளியே இறங்கி, வெட்ட வெளியில் மிதந்துகொண்டே வேலை செய்தார்கள். பிழையைத் தன்னுள்ளேயே திருத்திக்கொள்ளும் புதிய காமெரா ஒன்றையும், கை மடங்கும் அந்தப் பெட்டியையும் பொருத்தினார்கள். 1994 ஜனவரியில் வெளியான படங்களில் நட்சத்திரங்கள் புள்ளியாகத் தெரிந்தன. அதற்குப் பின் முப்பது வருஷத்துக்கு மேல் அந்தத் தூரதிருஷ்டிக் கண்ணாடி அனுப்பிய படங்களை நாமெல்லாரும் பத்திரிகைகளில் பார்த்திருக்கிறோம்.

பிற்காலத்தில் பொருத்திய கருவிகள் யாவும் பிழைத் திருத்தத்தைத் தமக்குள்ளேயே கொண்டிருந்தபடியால், மூக்குக் கண்ணாடிப் பெட்டிக்கு வேலையில்லாமல் போயிற்று. 2009-ல் அதைக் கழற்றிப் பூமிக்குக் கொண்டு வந்து, வாஷிங்டனில் உள்ள ஆகாய விண்வெளிக் காட்சிசாலையிடம் சேர்த்தார்கள். அதே காட்சிசாலையின் வசம் இன்னொரு கண்ணாடியும் இருக்கிறது, அதுவும் 2.4 மீட்டர் குறுக்களவு. முதல் கண்ணாடிக்கு ஏதாவது நேர்ந்தால் இருக்கட்டும் என்று ஈஸ்ட்மன் கோடக் கம்பெனியாரிடம் ஜாக்கிரதையாகச் செய்து வாங்கியது. அதன் வளைவு சரியாக இருந்தது.